இரைச்சல் நீக்கிய பிரதி

எண்ணியல் ஒலி வடிவங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் கூட்டம் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடும். எம்பி3 என்பது இசைக்கு இழைக்கப்பட்ட துரோகம் என்பார்கள் ஒரு சாரார். காதுக்கு வேறுபாடே தெரியாதபோது துரோகம் எங்கே வந்தது என்பார்கள் மறு சாரார். நாங்கள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் முதல் அணியில் உறுதியாக இருந்தோம். அதற்கு எங்களுக்கு ஒரு சொந்தக் காரணமும் இருந்தது. அந்தக் காரணம் பிழையானது என்று அறிந்துகொண்ட கதையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். எழுதுகிறவர்கள் இருவர், அக்காவும் தம்பியும். எந்த வரி யாருடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். பிழையில் இருவருக்கும் சம பங்கு உண்டு.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். 1979-இல் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு டேப்ரிகார்டர் கொண்டுவந்து கொடுத்தார். ஒற்றை ஒலிபெருக்கி, உள்ளேயே பொருத்தப்பட்ட மைக். வானொலியிலிருந்து கம்பி வழியாக நேரடியாகப் பதிவு செய்யும் வசதி எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் இல்லை. ஆகவே அப்பா ஒரு முக்காலியின் மேல் இரண்டையும் எதிரெதிராக வைப்பார். திருச்சி வானொலியின் காலைக் கச்சேரி, சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குத் தேசிய நிகழ்ச்சி என்று வரும்போதெல்லாம் சிவப்புப் பொத்தான் அமுங்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம். நாங்கள் இருவரும் திண்ணைக்குத் துரத்தப்படுவோம்.

சட்டத்துக்குக் கட்டுப்படாதவள் அம்மா ஒருத்திதான். வேண்டுமென்று மீறியவள் அல்லள். அடுப்படியில் வேலை செய்துகொண்டே வானொலியோடு கூடப் பாடுவது அவளுக்கு அனிச்சையான பழக்கம். உரக்க அல்ல, வாய்க்குள். அவள் முறையாகச் சங்கீதம் கற்றவளும் அல்லள். பாடகர் நிரவலை முடித்து எடுப்புக்குத் திரும்பும் இடத்தில் அவளும் சரியாக அங்கே வந்து நிற்பாள், கையில் கரண்டியோடு. இப்படிச் சேர்ந்தவை நாற்பது ஒலிநாடாக்கள், ஒவ்வொன்றும் அறுபது நிமிடம். 1991-இல் அம்மா காலமானாள். அவள் குரலுக்கென்று தனியே ஒரு பதிவும் எங்களிடம் இல்லை. கச்சேரிகளின் பின்புலத்தில் அவள் இருந்தாள். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

2003-இல் நாடாக்களில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. ஒலிநாடாவைக் குறுந்தகடாக மாற்றித் தரும் ஒரு கடையைத் தேடிப் பிடித்தோம். கடைக்காரர் பொறுமைசாலி. எங்கள் எதிரிலேயே ஒரு நாடாவைக் கணினியில் ஏற்றிக் காட்டினார். திரையில் அலைகள் ஓடின. "ஒரே இரைச்சலா இருக்கு. கிளீன் பண்ணிக் கொடுத்திடட்டுமா?" என்று கேட்டார். "தாராளமாப் பண்ணுங்க" என்றோம். ஒரு வாரத்தில் ஒரே ஒரு குறுந்தகடு கைக்கு வந்தது. நாற்பது மணி நேரமும் அதில் அடங்கியிருந்தது எங்களுக்கு அதிசயமாகத் தோன்றியது. அவர் தேர்ந்த அளவு நொடிக்கு 32 கிலோபிட். அந்தக் கணக்கில் நாற்பது மணி நேரம் 576 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும்.

2006-இல் அப்பாவைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். வீட்டைக் காலி செய்தபோது நாடாப் பெட்டியைக் காட்டி, "இதையும் எடுத்துக்கலாமே" என்றார். "எல்லாம் சிடியில இருக்குப்பா" என்றோம். அவர் மறுத்துப் பேசவில்லை. பெட்டி பழைய சாமான்காரரிடம் போயிற்று.

அடுத்த ஆண்டு அம்மாவின் திதியன்று மாலையில்தான் அந்தக் குறுந்தகட்டை நிதானமாகக் கேட்டோம். கச்சேரி தெளிவாக இருந்தது. இரைச்சல் இல்லை. அம்மாவும் இல்லை. ஒன்று மாற்றி ஒன்றாகப் பன்னிரண்டு பதிவுகளைக் கேட்டோம். அப்பா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். "சுத்தமா இருக்கு" என்றார். அதன்பின் அதைப் போடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

*

அன்று தொடங்கியதுதான் எம்பி3 மீது எங்கள் பகை. பகைவனை அறிந்துகொள்ள வேண்டுமல்லவா? கிடைத்ததையெல்லாம் படித்தோம். படித்ததன் சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

குறுந்தகடு 1982-இல் சந்தைக்கு வந்தது. அதில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட், அதாவது 65,536 படிகளில் ஒன்று. 44,100 என்ற விந்தையான எண்ணுக்கு ஒரு பின்கதை உண்டு. ஆரம்ப நாட்களில் எண்ணியல் ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாவையே பயன்படுத்தினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு 60 புலங்கள், புலத்துக்குப் பயன்படும் கோடுகள் 245, கோட்டுக்கு மூன்று அளவைகள்: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய முறையில் 50, 294, 3: அங்கும் அதே விடை. தொலைக்காட்சியின் கணக்கு இசையின் கணக்காக நிலைத்துவிட்டது.

அளவைகளுக்கு இடைப்பட்ட ஒலி தொலைந்துபோகிறது, எண்ணியல் ஒலி படிக்கட்டு போன்றது என்றொரு நம்பிக்கை பரவலாக உண்டு. நாங்களும் அதை நம்பினோம். ஆனால் நைக்விஸ்ட் 1928-இலும் ஷானன் 1949-இலும் எழுதியவை வேறொன்றைச் சொல்கின்றன. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளந்தால் அந்த அலையை முழுமையாகவே மீட்டுவிடலாம். மனிதக் காதின் உச்ச வரம்பு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆக, 44,100 போதுமான எண்தான்.

சிக்கல் அளவில் இருந்தது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசைக்குப் பத்து மெகாபைட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. ஐந்து நிமிடப் பாடலைத் தொலைபேசிக் கம்பி வழியாக 56 கிலோபிட் வேகத்தில் இறக்கினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதே பாடல் 128 கிலோபிட் எம்பி3 ஆனால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வேறுபாடுதான் 1999-இல் நாப்ஸ்டரையும் 2001-இல் ஐபாடையும் சாத்தியமாக்கியது.

இந்தச் சுருக்கத்தின் சூட்சுமம் காதின் பலவீனத்தில் இருக்கிறது. ஓர் ஒலி வலுவாக இருக்கும்போது அதை ஒட்டிய அதிர்வெண்களில் உள்ள மெல்லிய ஒலிகள் காதுக்கு எட்டுவதில்லை. நாகசுவரம் உரக்க எழும் கணத்தில் ஒத்தின் சில இழைகள் மறைந்துபோவதை நாமே உணர்ந்திருப்போம். மறைப்பு என்று இதற்குப் பெயர். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும் 1980-களின் பிற்பகுதியில் இதை ஒரு கணக்காக வடித்தார்கள். எப்படியும் கேட்கப்போவதில்லை என்று கருதப்படும் ஒலிகளுக்குப் பிட்டுகளைச் செலவிட வேண்டாம் என்பதே அதன் அடிப்படை.

அவர்களைப் பெரிதும் சோதித்தது ஒரு பெரிய வாத்தியக் குழு அன்று. சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி துணைக்கருவி ஏதுமின்றிப் பாடிய 'டாம்ஸ் டைனர்'. முதலில் சுருக்கியபோது அவர் குரல் சிதைந்து ஒலித்ததாம். மறைந்துகொள்ள நிழலே இல்லாத ஒற்றைப் பெண்குரல்! அதை மீண்டும் மீண்டும் கேட்டுத்தான் கணக்கைச் செப்பம் செய்தார்கள். 2014-இல் ரையன் மக்வயர் என்ற இசையமைப்பாளர் அதே பாடல் எம்பி3 ஆகும்போது கழித்துப்போடப்படும் ஒலிகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரு படைப்பாக்கினார். கேட்டால் பக்கத்து அறையில் யாரோ மூச்சுவிடுவதுபோல இருக்கும். அதைக் கேட்ட இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் கழிக்கப்பட்டாள் என்று முடிவு கட்டிவிட்டோம். வலுத்த பாடகர் குரல், அதன் நிழலில் மெல்லிய அம்மாவின் குரல். கணக்கு அவளைத் தேவையற்றவள் என்று தீர்ப்பளித்துவிட்டது. இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறென்ன இருக்க முடியும்?

*

2022-இல் சித்தப்பா வீட்டுப் பரணில் ஒரு ஒலிநாடா கிடைத்தது. எப்போதோ அப்பா அவருக்குக் கேட்கக் கொடுத்து, திரும்பி வராமல் போனது. அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் '1981 தேசிய நிகழ்ச்சி' என்று மட்டும் இருந்தது.

இம்முறை கடைக்குப் போகவில்லை. பழைய டெக் ஒன்றை வாங்கிப் பழுதுபார்த்து, தலையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உயர் ஒலிகள் மங்காமல் கேட்கும்வரை அதன் சாய்வைத் திருகித் திருகிச் சரிசெய்தோம். ஒரே ஒருமுறைதான் ஓடும், அறுந்துவிடும் என்ற அச்சத்தில் நொடிக்கு 96,000 அளவை, 24 பிட் என்று பதிவு செய்தோம். வானொலியின் எதிரில் மைக் வைத்துப் பதிந்த நாடாவுக்கு இது ஆடம்பரம்தான். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தர எண்ணியல் இசையையும், அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிய இசையையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 554 முயற்சிகளில் 276 சரியான விடைகள். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். தெரிந்துதான் செய்தோம். பயத்துக்குக் கணக்குத் தெரியாது.

அம்மா இருந்தாள்.

பதினோராவது நிமிடத்தில் ஒரு பாத்திரம் உருளும் ஓசை. அதன்பின் அவள் குரல். பாடகரின் பாதையிலேயே, அரை அடி பின்தங்கி. சற்று நேரத்தில் மைக்குக்கு மிக அருகில் "ஷ்" என்று ஓர் அதட்டல். அது அப்பா. அம்மாவின் குரல் நின்றுபோகிறது. மூன்று நிமிடம் கழித்து அவளை அறியாமலே மறுபடி தொடங்குகிறது.

இனி எங்கள் பகையை நிரூபிப்பது எளிது என்று நினைத்தோம். மூலப் பதிவிலிருந்து 320, 128, 64, 32 கிலோபிட் என நான்கு எம்பி3 பிரதிகள் செய்தோம். எது எது என்று தெரியாதபடி ஒருவர் போட, மற்றவர் மூலத்திலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பதினாறு முறை. 320-இல் எட்டு சரி, எட்டு தவறு. 128-இல் ஒன்பது சரி. 64-இல் பதின்மூன்று, மிருதங்கத்தின் தட்டு காட்டிக்கொடுத்தது. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடுவதால், கூர்மையான அடிக்கு ஒரு கணம் முன்பே அதன் தூசு பரவிவிடுகிறது. 32-இல் பதினாறும் சரி. தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது.

ஆனால் நான்கிலும் அம்மா இருந்தாள். 32-இல்கூட. நனைந்து, கலங்கி, ஆயினும் இருந்தாள்.

அப்படியானால் 2003-இல் அவளை அழித்தது எது? விடை, ஒலியின் நிறமாலையைத் திரையில் விரித்துப் பார்த்தபோது கிடைத்தது. மத்திய அலை வானொலியில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்பவை. ஆகவே அந்தப் பெட்டிகளில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை என்று ஒன்று வருவது அரிது. எங்கள் நிறமாலையிலும் கச்சேரி அந்த உயரத்தில் கூரை போட்டாற்போல முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வெறும் நாடா இரைச்சலின் மூட்டம். மூட்டத்துக்கு நடுவே அங்கங்கே கீற்றுகள். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் கேட்டோம். பாத்திரம். வளையல். அப்பாவின் "ஷ்". அம்மா சொற்களைச் சேர்த்துப் பாடிய இரண்டே இடங்களில் அவளுடைய சகரம். ஐயாயிரத்துக்கு மேலே இருந்ததில் கச்சேரி ஏதுமில்லை. அங்கே இருந்தது முழுக்க எங்கள் வீடு.

கடைக்காரர் என்ன செய்திருப்பார் என்று இப்போது விளங்கியது. பாட்டே இல்லாத அந்த மேற்பகுதியை ஒரே வெட்டாக வெட்டியிருப்பார். எஞ்சியதில், பாட்டு ஓய்ந்த இடத்து ஓசையை இரைச்சலின் மாதிரியாக எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்கு மெலிந்த அனைத்தையும் கழித்துவிடும்படி மென்பொருளிடம் சொல்லியிருப்பார். அடுப்படியிலிருந்து வந்த குரல் அந்த அளவுக்குத்தான் இருந்தது. அதே சமையல் குறிப்பை நாங்களும் மூலத்தின் ஒரு பிரதியில் செய்து பார்த்தோம். அதை எம்பி3 ஆக்கவில்லை; ஃபிளாக் வடிவில் சேமித்தோம். 2001-இல் வந்த அந்த வடிவம் துணியை மடித்து வைப்பது போன்றது. பிரித்தால் ஒரு நூலும் குறையாது. எம்பி3 கத்தரி போடுவது. கத்தரி படாத, ஒரு பிட்டும் இழக்காத அந்தக் கோப்பைத் திறந்து கேட்டோம்.

கச்சேரி தெளிவாக இருந்தது. இரைச்சல் இல்லை. அம்மாவும் இல்லை.

நாங்கள் பழித்து வந்த வடிவம் அவளை இழிந்த தரத்தில் என்றாலும் காப்பாற்றித் தந்தது. நாங்கள் போற்றி வந்த வடிவம், அவள் இல்லாததை அப்பழுக்கில்லாமல் காப்பாற்றித் தந்தது. எதை வேண்டாம் என்று சொல்கிறோமோ அதை எந்த வடிவமும் திருப்பித் தராது. வேண்டாம் என்று சொன்னது கணக்கு அன்று, கடைக்காரரும் அல்லர். அவர் கேட்டார். தாராளமாகச் செய்யச் சொன்னவர்கள் நாங்கள். அதன் பிறகும் மூலம் பெட்டியில் மூன்றாண்டு இருந்தது. "எடுத்துக்கலாமே" என்று அப்பா சொன்னதும் எங்களிடம்தான்.

ஒலித்தரம் என்பதைக் கிலோபிட்டுகளின் எண்ணாகவே பேசிப் பழகிவிட்டோம். அந்த எண் பொய்யன்று. 32-க்கும் 320-க்கும் உள்ள தொலைவை எங்கள் காதே சொல்லிற்று. ஆனால் அந்த எண் போடப்படும் முன்பே யாரோ ஒருவர் இதுதான் இசை, மற்றது இரைச்சல் என்று கோடு கிழித்திருக்கிறார். தரம் பெரும்பாலும் அங்கே முடிவாகிவிடுகிறது. நண்பர்கள் பழைய நாடாக்களை மாற்றும்போது செய்ய வேண்டியதாக எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே: முதல் பதிவில் எதையும் நீக்க வேண்டாம், அதை மடிக்கும் வடிவில் வையுங்கள், சுத்தம் செய்வதையும் சுருக்குவதையும் பிரதியில் செய்யுங்கள், நாடாவை எறியாதீர்கள்.

அப்பாவுக்கு அப்போது எண்பத்துமூன்று வயது. காதில் கருவி. உயர்ந்த ஒலிகள் அவருக்குக் கேட்பதில்லை; எங்கள் நிறமாலையின் மேற்பகுதி அவரைப் பொறுத்தவரை இல்லாத ஒன்று. அவருக்கு நல்ல ஹெட்போனை மாட்டிவிட்டு, பத்தாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டோம். கண்ணை மூடிக் கேட்டார். "ஷ்" வரும் இடத்தில் அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது அவருக்குக் கேட்டதா என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது. நாடா முடியும்வரை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "போகப் போகச் சுருதி ஏறுது பாரு. அன்னிக்குக் கரண்ட் இல்லை. பேட்டரியில ஓடிச்சு, தீர்ந்துட்டே வந்திருக்கு" என்றார்.

மின்கலம் தளரத் தளர நாடா மெதுவாக ஓடிப் பதிவாகியிருக்கிறது. சரியான வேகத்தில் இப்போது ஓட்டினால் சுருதி ஏறத்தான் செய்யும். நாற்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு மின்வெட்டு அந்த நாடாவில் பதிந்திருப்பதை எங்கள் கருவி எதுவும் சொல்லவில்லை. அவர் காது சொன்னது.

"சரி பண்ணிடலாம்ப்பா, கம்ப்யூட்டர்லயே பண்ணலாம்" என்றோம்.

"பண்ணுங்க" என்றார். சற்று யோசித்து, "இதையும் வெச்சிருங்க" என்றார்.

இரண்டையும் வைத்திருக்கிறோம்.